கறுப்பனின் வாயும் மாரிமுத்து அண்ணனின் கையும்

செய்தி வந்தபோது நான் குதிரைமேல் இருந்தேன். சட்டைப் பையில் கைப்பேசி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கக் கை இல்லை. கறுப்பன் அப்படி இழுத்துக்கொண்டிருந்தான். ஒருவழியாக அவனை நிறுத்தி, இறங்கி, திரும்ப அழைத்தேன். “அண்ணன் போயிட்டாரு சாந்தி. காலையில நெஞ்சு வலிக்குதுன்னாரு. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு” என்றார் மாரிமுத்து அண்ணனின் மனைவி லெட்சுமி அக்கா. வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு முதலில் அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

மாரிமுத்து அண்ணனை உங்களில் பலர் ஈப்போ குதிரைப் பந்தயத் திடலில் பார்த்திருப்பீர்கள். பந்தயக் குதிரைகளைக் காலைப் பயிற்சிக்கு ஓட்டுவது எங்கள் இருவருக்கும் வேலை. பிறகு சிம்பாங் பூலாய்ப் பக்கம், ரப்பர் பால்மரங்களை வெட்டித் தள்ளிய பழைய தோட்டத்தில் ஒரு லாயம் வந்தபோது இருவருமே அங்கே போனோம். பந்தயத்திலிருந்து கழித்துவிடப்பட்ட கறுப்பனும் அங்கேதான் வந்து சேர்ந்தான். தோட்டத்து முனியாண்டி கோயில் திருவிழாவில் சாமிக்கு முன்னால் குதிரை போவது வழக்கம். தோட்டம் போனாலும் அந்த வழக்கம் போகவில்லை.

சென்ற ஆண்டு ஊர்வலத்தில் உறுமி முழங்கியதும் கறுப்பன் பாய்ந்தான். மேலே இருந்த கோயில் கமிட்டிக்காரர் பயந்துபோய், இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டிக் கடிவாள வாரை இழுத்தார். இழுக்க இழுக்கக் குதிரை வேகமெடுத்தது. அது மோதி உறுமிக்காரருக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. லாயத்து முதலாளி அன்றே சொல்லிவிட்டார்: “அடுத்த திருவிழாவுக்குள்ள இவன் சரியாகணும். இல்லன்னா ஊசி போட்டு முடிச்சிர வேண்டியதுதான்.”

அண்ணன் முதலில் கறுப்பனின் வாயைத் திறந்து பார்த்தார். கடைவாய்ப் பல் ஒன்று கூராகிக் கன்னத்தைக் கிழித்திருந்தது. மருத்துவரை வரவழைத்து அதை அராவச் செய்தார். தானியத்தைக் குறைத்துப் புல்லைக் கூட்டினார். இரும்புக் கடிவாளத்தைக் கழற்றிவிட்டு, ரப்பர் சுற்றியதைப் போட்டார். அப்படியும் இழுத்தான். “பந்தயத்துல வாரை இறுக்கிப் பிடிச்சா ஓடுன்னு அர்த்தம். அதுமேல சாஞ்சிக்கிட்டுதான் இவன் ஓடிப் பழகியிருக்கான். இப்ப நாம நில்லுன்னு சொல்லி இறுக்குறோம். அவன் என்ன செய்வான்லா?” என்றார். திடலில் வேலை செய்த எங்கள் எல்லோருக்கும் இது தெரிந்ததுதான். ஆனால் பயம் வந்தால் கை எல்லாவற்றையும் மறந்துவிடுகிறது.

திருவிழா நெருங்க நெருங்க எனக்குப் பொறுமை போய்விட்டது. சங்கிலிக் கடிவாளம் போடுவோம், வாய் நோகும், ஆனால் உயிராவது மிஞ்சும் என்று சண்டை போட்டேன். “இழுக்கறதுக்கு ரெண்டு பேர் வேணும் சாந்தி. ஒருத்தர் விட்டுட்டா மத்தவன் யாரோட இழுப்பான்?” என்றார் அண்ணன். பெரிய வட்டமாக ஓட்டுவார். வாரை ஒரு கணம் பிடிப்பார். கறுப்பனின் தலை இளகியதும் உடனே விட்டுவிடுவார். “பெலான், பெலான்” என்று அவன் காதுக்கு மட்டும் கேட்கிற குரலில் மெதுவாகப் போகச் சொல்வார். மறுபடி பிடிப்பார், மறுபடி விடுவார். “விட்டுக்கிட்டே இருங்க, பெரிய ரோட்டுக்கே போயிருவான்!” என்று வேலிக்கு வெளியே நின்று கத்துவேன். “கத்தாத, குதிர பயப்படுதோ இல்லியோ, நான் பயப்படுறேன்” என்பார்.

குதிரையின் வாயில் வலியைத் தேடிய மனிதர் தன் நெஞ்சில் இருந்ததை எந்த டாக்டரிடமும் காட்டவில்லை. லெட்சுமி அக்கா கிளினிக்குக்குக் கூப்பிட்டபோதெல்லாம் “திருவிழா முடியட்டும்” என்றார். அக்கா ஒரு பக்கம் இழுக்க, இவர் மறுபக்கம் இழுத்தார். இதை எழுதும்போதும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

கருமாதி முடிந்ததும் முதலாளி லாயத்துக்கு வந்தார். கூடவே அந்த உறுமிக்காரரும் உறுமியோடு வந்திருந்தார். “ஓட்டிக் காட்டும்மா, பாத்துட்டு முடிவு பண்ணிக்கலாம்” என்றார் முதலாளி. ஆணியில் சங்கிலிக் கடிவாளம் தொங்கிக்கொண்டிருந்தது. நான் ரப்பரைத்தான் எடுத்தேன். துணிச்சல் என்று நினைத்துவிடாதீர்கள். அண்ணன் சொன்னது சரியா இல்லையா என்று எனக்கு அன்றே தெரிந்தாக வேண்டியிருந்தது.

உறுமி முழங்கியது. கறுப்பன் கழுத்தை நீட்டி வார்மேல் சாய்ந்தான். என் விரல்கள் தாமாகவே இறுகின, அவன் வேகமெடுத்தான். “பெலான்” என்று என் வாயிலிருந்து வந்தது. விரல்களைத் திறந்தேன். சாய்ந்துகொள்ள ஒன்றும் இல்லாமல் கறுப்பன் தடுமாறி, தலையைத் தாழ்த்தி, நடக்கத் தொடங்கினான். உறுமிக்காரர் அடிப்பதை நிறுத்தவே இல்லை. “சரி, திருவிழாவுல நீயே ஏறு” என்று சொல்லிவிட்டு முதலாளி போய்விட்டார். அதுவரைக்கும் கறுப்பனுக்கு உயிர் உண்டு. கூட்டமும் பட்டாசும் சேரும் அன்று என்ன நடக்குமோ, எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

அந்த ரப்பர் கடிவாளம் என்னிடம் இருக்கிறது. விரல் திறக்கிற அந்த ஒரு கணமும் இருக்கிறது. நம் சண்டையும் இருக்கிறது அண்ணே. இழுக்க ரெண்டு பேர் வேண்டும் என்றீர்களே, அது கறுப்பனுக்குச் சரி. நீங்கள் விட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். நான் மட்டும் இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறேன்.