கிறிஸ்துமஸ் கிடாயின் உத்தரவு

எங்கள் வீட்டில் மொத்தமே மூன்று கிறிஸ்துமஸ்தான் கொண்டாடினோம். மூன்றாவதைப் பற்றி நான் யாரிடமும் வாய் திறந்ததில்லை. டிசம்பர் பிறந்து கடைத்தெருவில் நட்சத்திரங்கள் தொங்க ஆரம்பித்தால் எல்லோருக்கும் சந்தோஷம் வருகிறது, எனக்கு எரிச்சல் வருகிறது. ஏன் என்று இப்போதாவது சொல்லிவிடுகிறேன்.

ஜவ்வாது மலையில் நெல்லிவாசல் நாட்டைச் சேர்ந்த முப்பது வீட்டு ஊர் எங்களுடையது. எழுபதுகளின் கடைசி. அப்பா மலைப்பாதை போடும் வேலைக்குப் போய், இருமி ரத்தம் கக்கி, கீழே பாதிரிமார் நடத்திய ஓர் ஆஸ்பத்திரியில் எட்டு மாதம் கிடந்தார். பிழைத்து வந்தவர் வேதக்காரராக வந்தார். அதற்கப்புறம் ஆலங்காயத்திலிருந்து ஓர் உபதேசியார் மாதத்துக்கு ஒருமுறை மலையேறி வந்து ஜெபம் செய்துவிட்டுப் போவார். அம்மாவுக்கும் எனக்கும் என் இரண்டு தங்கைகளுக்கும் ஞானஸ்நானம் ஆனது. ஊரில் வேறு யாரும் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா, நான்கு வீடு தள்ளி இருந்தார். அவர் சண்டை போடவில்லை. "அவன் சாமி அவனுக்கு, என் சாமி எனக்கு" என்றார். ஆனால் அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கை நனைக்கவில்லை. சண்டையே போட்டிருக்கலாம். சண்டை நாலு நாளில் ஆறும். எங்கள் மலையில் சோற்று உறவு விட்டுப்போன பங்காளி விதைப்புக்கு ஏர் கட்ட வரமாட்டான், பெண் கேட்டு வருகிறவனிடம் நல்ல வார்த்தை சொல்லமாட்டான். நிலம் இருவருக்கும் பொது, உழவு மாடு மட்டும் பெரியப்பா கொட்டகையில். அப்பா அந்த நெஞ்சை வைத்துக்கொண்டு மண்வெட்டியால் கொத்தித்தான் சாமை விதைத்தார்.

முதல் இரண்டு கிறிஸ்துமஸுக்கும் ஆலங்காயத்திலிருந்து என் தாய்மாமன் பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்தார். அரிசியும் உளுந்தும் அவர்தான் சுமந்து வருவார். எங்களுக்குத் தினம் சாமைச் சோறும் கேழ்வரகுக் களியும்தான். இட்லி என்றால் கிறிஸ்துமஸ், கிறிஸ்துமஸ் என்றால் இட்லி. மூங்கில் பிளாச்சுகளைக் கட்டி, சிவப்புக் கண்ணாடிக் காகிதம் ஒட்டி அப்பா நட்சத்திரம் செய்வார். ஐந்து முனையும் ஐந்து அளவில் இருக்கும். மாமா வேதத்துக்கு வந்தவர் இல்லை. ஆனாலும் நாங்கள் பாடினால் கூடவே தாளம் தப்பாமல் தப்பாகப் பாடுவார். "எந்த சாமியா இருந்தா இன்னா, கொழம்புல உப்பு கீதா பாரு" என்பது அவருடைய வேதாந்தம். அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் பலகாரம் கொடுத்தனுப்ப வேண்டும் என்று உபதேசியார் சொல்லியிருந்தார். நானும் தங்கையும் தட்டு தட்டாகக் கொண்டுபோவோம். பெரியப்பா வீட்டுக்குப் போன தட்டு மட்டும் மூடிய துணி அவிழாமல் திரும்பி வரும்.

மூன்றாம் வருஷம் ஐப்பசியில் இருமல் திரும்பி வந்தது. ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்து, "வீட்டில் நல்லபடியாக வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று அப்பாவுக்குத் தெரியும். அன்றிலிருந்து அவருக்கு ஒரே ஒரு நினைப்புதான். தான் போவதற்குள் அண்ணன் நம் வீட்டில் ஒரு வாய் சாப்பிட்டுவிட வேண்டும். சாப்பிட்டுவிட்டால் பெண்டாட்டியும் மூன்று பெண்பிள்ளைகளும் நாதியற்றுப் போகமாட்டார்கள்.

வெற்றிலை பாக்கோடு போய் அண்ணனைக் கிறிஸ்துமஸ் விருந்துக்கு அழைத்தார். பெரியப்பா முடியாது என்று சொல்லவில்லை.

"வர்றோம். ஆனா கிடாவுக்குத் தண்ணி ஊத்தணும். அது உத்தரவு குடுத்தாதான் எங்க வூட்டு ஆளுங்க கறி தின்னுவாங்க. உனக்குத் தெரியாததா?"

வெட்டுவதற்கு முன் கிடாயின் தலையில் தண்ணீர் ஊற்றுவார்கள். அது உடம்பைச் சிலிர்த்து உதறினால் சாமி ஏற்றுக்கொண்டது என்று பொருள். உதறாத கிடாயை வெட்டமாட்டார்கள், வெட்டினாலும் தின்னமாட்டார்கள். உபதேசியாரோ, படைத்த கறியைத் தொடவே கூடாது என்று போதித்தவர்.

அப்பா இரண்டு நாள் ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று கிடந்தார். அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை.

"தண்ணிதானே? உபதேசியாரு நம்ம தலைல ஊத்தறப்ப தண்ணியா இல்லாம இன்னாவா இருந்துச்சு? மஞ்சள் வேணாம், சூடம் வேணாம், சாமி பேரு வேணாம்னு சொல்லு. வெறும் தண்ணி ஊத்தட்டும்."

அப்பா அதைப் போய்ச் சொன்னார். பெரியப்பா ஒப்புக்கொண்டார். "உபதேசியார் காதுக்குப் போவக் கூடாது" என்று அப்பா எங்களிடம் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. பயந்த முகம் அது. அப்பாவை அப்படி நான் பார்த்ததில்லை.

கிடா எங்கள் வீட்டில் பிறந்தது. கறுப்பு, நெற்றியில் வெள்ளை. கிறிஸ்துமஸ் காலையில் மாமா குடும்பம் வந்து இறங்கியிருந்தது. பெரியப்பா வீட்டார் பதினான்கு பேர் வரப்போகிறார்கள். அம்மா வீட்டை மெழுகினாள், தங்கைகளுக்குத் தலை தேய்த்து ஊற்றினாள். எனக்கு அப்போது பதினொரு வயது. விருந்தாளிகள் வரும் நாளில் கிடாயும் சுத்தமாக இருக்கட்டும் என்று, யாரும் சொல்லாமலே அதைச் சுனைக்கு ஓட்டிப்போய்ப் பானை பானையாக மொண்டு ஊற்றித் தேய்த்துக் குளிப்பாட்டினேன். அது உதறிய உதறலில் என் பாவாடை முழுக்க நனைந்தது. நான் சிரித்தேன். மார்கழிக் குளிரில் ரோமம் ஊறிச் சொட்டச் சொட்ட அதைக் கொண்டுவந்து முளையில் கட்டினேன். கறுப்பு ரோமத்தில் ஈரம் தெரியவில்லை, கண்ணில் பட்டவர்களும் இரவுப் பனி என்று நினைத்திருப்பார்கள்.

பெரியப்பா வந்தார். பெரியம்மா, அண்ணன்மார், அண்ணிகள், குழந்தைகள் எல்லோரும் வாசலில் நின்றார்கள். மூன்று வருஷத்துக்குப் பிறகு பெரியம்மா என் கன்னத்தைத் தடவினாள். இட்லி வெந்த வாசனை வெளியே வந்தது. ஒரு சின்னப் பையன், "எப்ப துன்றது?" என்று கேட்டு அடி வாங்கினான். மாமா அவனைத் தூக்கி, "நானும் அதத்தான்டா கேக்கலாம்னு இருந்தேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அந்த அரைமணி நேரம்தான் எங்கள் கிறிஸ்துமஸ்.

பெரியப்பா சொம்புத் தண்ணீரைக் கிடாயின் தலையில் ஊற்றினார். அது அசை போட்டபடி நின்றது. இன்னொரு சொம்பு. தண்ணீர் முதுகில் வழிந்து கீழே சொட்டியது. கிடா தலையைக்கூட ஆட்டவில்லை.

"குத்தம் குறை இருந்தா பொறுத்துக்கணும்" என்று வழக்கமான வார்த்தையை ஆரம்பித்த பெரியப்பா பாதியில் நின்றார். அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். "யார்கிட்டடா கேக்கறது? பேரு சொல்லக் கூடாதுன்னுட்ட."

ஊறிப்போன ஆடு ஏன் உதறப் போகிறது என்று எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. பெரியவர்கள் கூடிய இடத்தில் பெண்பிள்ளை வாயைத் திறந்தால் பல் போகும். நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். அவள் கையைத் தட்டிவிட்டாள்.

அப்போது அப்பா தடியை ஊன்றிக்கொண்டு கிடாயின் முன்னால் வந்தார். மூச்சு வாங்கியது. எங்கள் குலசாமியின் பெயரை வாய்விட்டுச் சொல்லிக் கூப்பிட்டார். மூன்று முறை கூப்பிட்டார். மூன்றாவதில் இருமல் வந்து குரல் உடைந்தது. கூப்பிட்டுவிட்டு அவரே ஒரு சொம்பு ஊற்றினார்.

கிடா எங்கள் எல்லோரையும் பார்த்துக்கொண்டு நின்றது.

"சாமிக்கு மனசு ஆறல" என்றார் பெரியப்பா. கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். அவர் வீட்டார் ஒவ்வொருவராகப் பின்னால் போனார்கள். பெரியம்மா மட்டும் இரண்டுமுறை திரும்பிப் பார்த்தாள். அந்தப் பதினான்கு பேருக்கென்று அவித்த இட்லியை நாங்கள் இரண்டு நாள் வைத்துத் தின்றோம், கடைசியில் புளித்துப்போனதைக் கோழிக்குப் போட்டோம். மாமா அன்று பாடவில்லை.

பிற்பகலில் அப்பாவிடம் உண்மையைச் சொன்னேன். நான்தான் குளிப்பாட்டினேன் என்றேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் என் மனசு கொஞ்சம் ஆறியிருக்கும்.

"ஊறுன ஆட்ட உதற வெக்க எந்த சாமியாலயும் முடியலியாம்மா?" என்று கேட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

தை மாதம் உபதேசியார் வந்தார். ஜெபத்துக்கு எல்லோரும் முழங்கால் போட்டோம். அப்பா எழவில்லை, கண்ணைத் திறக்கவில்லை. உடம்பு முடியவில்லை என்று உபதேசியார் நினைத்துக்கொண்டார். ஏசுவைக் கூப்பிட அப்பாவுக்கு வெட்கம்; குலசாமியைக் கூப்பிட்டாயிற்று, அதுவும் வரவில்லை. மாசியில் ஒரு விடியற்காலையில் போய்விட்டார். கடைசி இரண்டு மாதமும் அவர் எதையும் கும்பிட்டு நான் பார்க்கவில்லை.

செய்தி சொல்ல ஆள் அனுப்பும் முன்பே பெரியப்பா ஓடி வந்தார். வாசலில் விழுந்து புரண்டார். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்களே, அந்த அழுகையில் பொய் இல்லை. மூங்கில் வெட்டியது அவர், பாடை கட்டியது அவர். தூக்குவதற்கு முன் அம்மாவிடம் வந்து கை கூப்பி நின்றார்.

"ஏரு நான் கட்றேம்மா. அவன் புள்ளைங்க எம் புள்ளைங்க. சோறு துன்னாதான் தம்பியா? நான் வுட்ருவனா?"

அம்மா அழுகையை நிறுத்தினாள். அவர் முன்னால் நிமிர்ந்து பார்த்துப் பேசாதவள் அன்று பேசினாள்.

"இத அன்னிக்கு அவர்கிட்ட சொல்லியிருக்கலாமே."

பெரியப்பா விழித்தார். யோசித்துப் பார்த்துவிட்டு, நிஜமாகவே புரியாமல் சொன்னார்.

"அவன் கேக்கலியேம்மா."