ஈரத்தில் வெட்டிய முடி

அந்த அழகு நிலையத்தில் அண்ணி தலை அலசுவாள், துண்டு துவைப்பாள், தரை கூட்டுவாள். கத்தரிக்கோலை மட்டும் தொடமாட்டாள். முறையாகத் தொழில் படித்தவள்தான். என்ன செய்ய, சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடாது.

அந்தச் சூடு இதுதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், நாத்தனாரின் சுருட்டை முடியை ஈரத்தோடு இழுத்துப் பிடித்து, புருவம்வரை அளந்து வெட்டிவிட்டாள். காய்ந்ததும் அது விறுவிறுவென்று சுருண்டு நெற்றி உச்சிக்கு ஏறிக்கொண்டது. மறுநாள் நாத்தனாருக்குக் கல்யாணம். கல்யாணப் படம் இன்றும் மாமியார் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. அந்தப் பக்கம் போனால் அண்ணி தரையைப் பார்த்தே நடப்பாள். நாத்தனார் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசாததுதான் அண்ணியை அதிகம் அரித்தது.

இப்போது முதலாளியம்மா இரண்டாவது நாற்காலி வாங்கிப் போட்டிருக்கிறாள்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள நீ கத்தரி எடுக்கணும். இல்லன்னா வெளியாள வெச்சுக்குவேன். அப்புறம் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கக் கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அண்ணிக்கு அந்த நாற்காலிமேல் கொள்ளை ஆசை. துடைக்கிற சாக்கில் தினமும் அதைச் சுழற்றிவிட்டு வேடிக்கை பார்ப்பாள்.

வெள்ளிக்கிழமை கடை திறந்ததும் நாத்தனார் வந்து அதில் சம்பிரமமாக உட்கார்ந்தாள்.

"அண்ணன் எல்லாம் சொல்லிச்சு. எடுங்க அண்ணி கத்தரிய."

"வேண்டாம்மா. உன்னை ஒரு தடவை கெடுத்தது போதாதா?"

"அந்த முடியா? அது அப்பவே வளந்திடுச்சு. நீங்கதான் இன்னும் அங்கயே நிக்கிறீங்க."

"படம் தொங்குதே."

"எங்க வீட்டுலயும் ஒண்ணு மாட்டியிருக்கேன். சண்டை வந்தா அவரு அதப் பாத்து சிரிச்சிடுவாரு. எத்தனை சண்டை அதால தீந்திருக்கு தெரியுமா?"

அண்ணிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. இத்தனை வருஷமும் தனியாகச் சுமந்த பாரத்தை நினைத்து அவளுக்கே வெட்கமாக இருந்தது. பழக்கதோஷத்தில் கை தண்ணீர் தெளிக்கிற புட்டியை எடுத்தது. எடுத்த வேகத்தில் அதைத் தள்ளி வைத்தாள். காய்ந்த முடியிலேயே ஒவ்வொரு சுருளாகப் பிடித்து, விட்டு, அது நிற்கிற இடம் பார்த்து வெட்டினாள். முதல் சுருளுக்கு வெகு நேரம் பிடித்தது. பிறகு கத்தரி தானாக ஓடியது.

நாத்தனார் கண்ணாடியில் இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இதப் படம் எடுத்து மாட்டினா எங்க சண்டை எப்படித் தீரும்?"

தரையெல்லாம் சுருள் சுருளாக முடி. அண்ணி வழக்கம்போல் துடைப்பத்துக்குக் கை நீட்டினாள். அதற்குள் முதலாளியம்மா அதை எடுத்துக்கொண்டாள்.

"இத நான் பாத்துக்கறேன். உனக்கு அடுத்த ஆள் காத்திருக்காங்க, பாரு."