டிக் விழாத பதினேழாவது வரி

இருதயமேரி தாளை இரண்டாம் முறை படித்தாள். முப்பத்தொரு வரிகளில் முப்பதுக்கு எதிரே நீல மையில் டிக் இருந்தது. பதினேழாவது வரிக்கு எதிரே எதுவுமில்லை. ‘டர்போ எண்ணெய்க் குழாய் போல்ட் – டார்க் ரெஞ்சால் முடுக்கி, வெள்ளைக் கோடு போடவும்’ என்று அவள் கையெழுத்திலேயே இருந்தது அந்த வரி. சுவர்க் கடிகாரத்தில் மணி பத்து முப்பத்தைந்து. கார் புறப்பட்டுப் போய்ப் பதின்மூன்று நிமிடம் ஆகியிருந்தது.

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகும் சாலையில், மேம்பாலம் இறங்கியதும் இடக்கைப் பக்கம் தகரக் கூரை போட்ட ஷெட் ஒன்று இருக்கிறது. முன்பாதியில் அன்புச்செல்வன் காருக்கு வயரிங், பாட்டரி வேலை பார்க்கிறான். பின்பாதி இருதயமேரியுடையது. அவள் எஞ்சின் மட்டும்தான் பார்ப்பாள். டர்போ வைத்த எஞ்சின் என்றால் செஞ்சியிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் அவளைத் தேடி வருகிறார்கள். வயது முப்பத்தாறு. கிளியனூரில் மல்லாட்டை எனும் வேர்க்கடலைக் காடுகளுக்குக் களையெடுக்கப் போன அப்பா அம்மாவுக்கு மூன்றாவது பெண். பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் டிப்ளமோ முடித்து, செங்கல்பட்டுக்கு அப்பால் ஒரு கார்த் தொழிற்சாலையில் எஞ்சின் பூட்டும் வரிசையில் ஏழாண்டு நின்றவள்.

அந்த ஏழாண்டில் தன் கை முடுக்கிய போல்ட்டுகள் எத்தனை லட்சம் என்று அவளுக்கே தெரியாது. ஆனால் ஒன்றைக்கூட அவள் தவறவிட்டிருக்க வழியில்லை. அங்கே ஒரு போல்ட் குறித்த அளவுக்கு இறுகாவிட்டால் சிவப்பு விளக்கு எரியும், எஞ்சின்களைச் சுமந்து போகும் பெல்ட் நகராது. சொந்த ஷெட்டில் அப்படி நிறுத்திவைக்க எதுவுமில்லை என்பதால்தான் அவள் இந்தத் தாளை உண்டாக்கினாள். ஒவ்வொரு காருக்கும் ஒரு தாள், ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வரி, முடுக்கிய ஒவ்வொரு போல்ட்டின் தலையிலும் வெள்ளை பெயின்டால் ஒரு கோடு. “கார் ரிப்பேருக்கு வந்தமா, ஆஸ்பத்திரியில அட்மிஷன் போட வந்தமா?” என்று வாடிக்கைக்காரர்கள் கேலி பேசுவார்கள். 2018 அக்டோபரிலிருந்து நானூற்றுப் பன்னிரண்டு தாள்கள் பெட்டிக் கோப்புகளில் இருக்கின்றன. அவற்றில் ஒன்றில்கூட ஒரு வரி வெறுமையாக இருந்ததில்லை.

“என்னாக்கா, பேயறைஞ்ச மாரி நின்னுக்கினு இருக்கிற?” என்றான் அன்புச்செல்வன்.

“பதினேழுல டிக் இல்லடா.”

“போட மறந்திருப்ப.”

“டிக் போட மறக்கமாட்டேன். முடுக்கத்தான் மறந்திருப்பேன்.”

அவள் கண்ணை மூடிக் காலையை நினைத்துப் பார்த்தாள். போல்ட்டைக் கையால் சுற்றி ஏற்றியது நினைவில் இருந்தது. சாதாரண ஸ்பேனரால் ஒரு பிடி பிடித்ததும் இருந்தது. குறித்த அளவு இறுகியதும் டார்க் ரெஞ்ச் போடும் சொடக்குச் சத்தம் மட்டும் இல்லை.

கார் திருவாமாத்தூர் குமரேசனுடையது. சிவப்பு நிறம், வேகத்துக்கென்றே செய்த டர்போ பெட்ரோல் எஞ்சின். அதன் பழைய டர்போ கெட்டுப்போனதற்குக் காரணம் குமரேசனேதான். நான்குவழிச் சாலையில் நூற்று முப்பதில் பறந்து வந்து, டீக்கடை வாசலில் நிறுத்திய அதே நொடியில் எஞ்சினை அணைத்துவிடுவான். அணைந்ததும் எண்ணெய் ஓட்டம் நிற்கும். டர்போவின் சூடு மட்டும் நிற்காது. உள்ளே தங்கிய எண்ணெய் வெந்து கரியாகி, கரி பேரிங்கைத் தின்றுவிட்டது. முதலில் விசில் சத்தம், பிறகு நீலப் புகை, கடைசியில் இழுவையே இல்லை. இருதயமேரி புது டர்போ பொருத்த நான்கு நாள் கேட்டிருந்தாள்.

நான்காம் நாள் வெள்ளிக்கிழமை. குமரேசனோடு அவன் தாய் கெங்கம்மாளும் வந்திருந்தார். கையில் எலுமிச்சம்பழம், கற்பூரம், பூச்சரம். பத்தரைக்கு ராகுகாலம் பிறக்கிறது. அதற்குள் வண்டி உயிர்பெற்று ஷெட்டைத் தாண்டியாக வேண்டும், நேரே ஊர்க் கோயிலுக்குப் போக வேண்டும் என்பது அவர் கணக்கு. பத்தே காலுக்கு அவர் எஞ்சினுக்குப் பக்கத்திலேயே வந்து நின்றார்.

“ஜல்தி ஆவட்டும் மேரி. நேரம் போய்க்கினே இருக்குது.”

நிலத்துக்காரம்மா வரப்பில் நின்று ஜல்தி என்றால் நிமிராமலே கை வேகமாகும் பழக்கம் இருதயமேரி தன் தாயிடம் பார்த்தது. தனக்கு அது வராது என்று நினைத்திருந்தாள். ஆனால் அந்தக் குரலுக்கு அவள் கை வேகமாகிவிட்டது. போல்ட்டை மறைக்கும் வெப்பத் தடுப்புத் தகட்டை எடுத்து மேலே பூட்டினாள். மற்ற வேலைகளை முடித்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்க, பத்து இருபத்திரண்டுக்குக் கார் சாலையேறியது. அன்று மட்டும் அவள் வரிக்கு வரி டிக் போடவில்லை. கார் போன பிறகு மொத்தமாகப் போட உட்கார்ந்தபோதுதான் கை பதினேழில் நின்று, அதை மட்டும் விட்டுத் தாண்டியது.

குமரேசனின் போன் மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடியும் போட்டாள்.

“எடுக்கமாட்டான்கா” என்றான் அன்புச்செல்வன். “ஓட்டும்போது எம்புள்ள போனே தொடாதுன்னு அந்தம்மா காலையில பெருமையா சொல்லிச்சே.”

“அந்தக் குழாய்ல எண்ணெய் அழுத்தத்தோட வருதுடா. போல்ட் தளர்ந்து பீச்சினா நேரா டர்போ மேல படும். வேகத்துல போனா அது அடுப்புத் தணல் மாரி செவந்து கெடக்கும். பத்திக்கும்.”

அன்புச்செல்வன் கையிலிருந்த வயரைக் கீழே போட்டான். பைக்கை எடுத்தான். டார்க் ரெஞ்ச் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவள் பின்னால் உட்கார்ந்தாள். மணி பத்து நாற்பத்திரண்டு.

கூட்டேரிப்பட்டு வருமுன் சாலையோரம் ஒரு கூட்டம் தெரிந்தது. அவள் அன்புச்செல்வனின் தோளை அழுத்திப் பிடித்தாள். பஞ்சரான வேன் ஒன்று. பயணிகள் இறங்கி நின்றிருந்தார்கள். அதன்பின் ஒவ்வொரு வளைவிலும் அவள் கண் முதலில் வானத்தில் புகையைத் தேடியது, பிறகுதான் சாலைக்கு இறங்கியது. விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் வண்டிகள் நின்று நகரும் இடத்தில் தரையெல்லாம் எண்ணெய்ச் சொட்டுகள். கறுப்பாகச் சில, பழுப்பாகச் சில. குமரேசனின் காருக்கு அவள் ஊற்றிய எண்ணெய் புதியது, தேன் நிறத்தில் இருக்கும். தேன் நிறத்தில் ஒரு சொட்டைக் கண்டதாக அவளுக்குத் தோன்றியது. வெயிலில் பார்த்தால் எல்லாச் சொட்டும் அப்படித்தான் மின்னுகின்றன என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

“எண்பதுக்கு மேல போவாதன்னு சொல்லித்தான அனுப்புன?” என்றான் அவன், காற்றுக்கு எதிராகக் கத்தி.

“சொன்னேன்.”

“அப்ப போயிருக்கமாட்டான்.”

இருவருக்குமே குமரேசனைத் தெரியும். அன்புச்செல்வன் பைக்கை இன்னும் விரட்டினான்.

திருவாமாத்தூர்க் கோயில் வாசலை அடைந்தபோது மணி பதினொன்று முப்பத்தைந்து. சிவப்புக் கார் மரத்தடி நிழலில் முழுதாக நின்றது. அவள் பைக் நிற்பதற்குள் இறங்கி, பானெட்டின் மேல் குனிந்து முகர்ந்தாள். வெந்த எண்ணெயின் வாடை.

குமரேசனும் கெங்கம்மாளும் நெற்றியில் திருநீறுடன் வெளியே வந்தார்கள்.

“என்னா மேரி, நீயும் சாமி கும்பிட வந்துட்டியா?” என்றார் கெங்கம்மாள்.

“சும்மா செக் பண்ண வந்தோம்னு சொல்லிடுக்கா” என்று அன்புச்செல்வன் காதோரம் முணுமுணுத்தான்.

இருதயமேரி கெங்கம்மாளின் முகத்தைப் பார்த்தே சொன்னாள். “அம்மா, ஒரு போல்ட்ட சரியா முடுக்காம அனுப்பிட்டேன்னு நெனைக்கிறேன். தப்பு என்னுது. தெறந்து பாக்கணும்.”

குமரேசன் கோயில் பக்கம் திரும்பிக்கொண்டான். “நூத்தி நாப்பதுல வந்தேங்க்கா” என்றான், வாய்க்குள்.

“அடப்பாவி. எண்பதுன்னியேடா எங்கிட்ட” என்றார் தாய்.

“நீ கண்ண மூடிக்கினு சாமிப் பாட்டு சொல்லிக்கினு வந்த. எப்பிடி தெரியும் உனக்கு?”

கெங்கம்மாள் மகனை விட்டுவிட்டு இருதயமேரியிடம் திரும்பினார். “இந்த ஊரு சந்நிதியில பொய்ச் சத்தியம் பண்ணவன் உருப்பட்டதில்ல. அதான் நெசத்த சொல்லிட்டியா?”

“எந்த ஊர்லயும் சொல்லியிருப்பேம்மா.”

பானெட் திறந்தது. தகட்டைத் தொட முடியாத சூடு. கையுறையோடும் முடியவில்லை, பத்து நிமிடமாவது ஆற வேண்டும். ஆறும்வரை உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாது. அந்தப் பத்து நிமிடம் அவளுக்குத் தேசிய நெடுஞ்சாலையைவிட நீளமாக இருந்தது.

“அப்பிடி என்னாதான் கீது அதுல?” என்றார் கெங்கம்மாள், எட்டி நின்று.

பேசிக்கொண்டிருப்பது அவளுக்கும் நல்லதாகப் பட்டது. “வண்டி விடற புகை வீணா வெளிய போவும் இல்லிங்களா, அத புடிச்சி ஒரு சக்கரத்த சுத்த வெக்கிறது. அதே தண்டோட மறுமொனையில இன்னொரு சக்கரம். அது வெளிக்காத்த அழுத்தி எஞ்சினுக்குள்ள தள்ளும். காத்து கூட வந்தா பெட்ரோல் கூட எரியும், சின்ன எஞ்சின் பெரிய எஞ்சின் மாரி இழுக்கும். அழுத்தின காத்து சூடாயிடும், அத ஆறவெக்க முன்னாடி ஒரு ரேடியேட்டர் மாரி கீது பாருங்க. அந்தத் தண்டு நிமிஷத்துக்கு லட்சம் சுத்துக்கு மேல சுத்தும்மா. பேரிங்கோட உரசாம எண்ணெய்லயே மெதக்கும். எண்ணெய் ஒரு கண்ணு நேரம் வரலன்னாலும் போச்சி.”

“காத்து எங்கியாச்சும் ஒழுவினா?”

அந்தக் கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை. பம்புசெட்டு வைத்திருக்கும் பெண்ணின் கேள்வி அது. “ஒழுவும்மா. ரப்பர் ஹோஸ் வெடிச்சா உஸ்ஸுன்னு சத்தம் வரும், வண்டி இழுக்காது. அழுத்தம் மீறினா புகைய வேற பக்கம் தெறந்துவிட ஒரு கதவு கீது. அது சிக்கிக்கினா எஞ்சினுக்கே ஆபத்து. இவரு வண்டி கம்ப்யூட்டர்ல அழுத்தத்த கூட்டி வேற வெச்சிக்கினு இருந்தாரு. நான்தான் பழையபடி எறக்கினேன்.”

“அத எங்கிட்ட சொல்லவே இல்லியே நீ” என்றார் கெங்கம்மாள் மகனிடம். குமரேசன் காலால் மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தான்.

தகடு கழன்றது. அதன் உட்புறம் பழுப்பேறியிருந்தது. இருதயமேரி சிறு கண்ணாடியை உள்ளே நீட்டி டார்ச் அடித்தாள். போல்ட்டின் தலையில் வெள்ளைக் கோடு இல்லை. அடியில் சுற்றிலும் ஈரம். ஒரு துளி முழுதாகத் திரண்டு தொங்கிக்கொண்டிருந்தது. கோடு இருக்குமென்று இவ்வளவு நேரமும் உள்ளுக்குள் ஒரு நம்பிக்கை இருந்திருக்கிறது. அது அப்போதுதான் போயிற்று.

ஈரத்தைத் துடைத்து, ரெஞ்சைப் பொருத்தினாள். கால் சுற்றுக்கு மேலேயே போய்த்தான் சொடக்கியது. கோடு போட்டாள்.

“இப்ப ஸ்டார்ட் பண்ணிப் பாக்கணும்.”

மணி பதினொன்று ஐம்பத்திரண்டு. கெங்கம்மாள் கையை நீட்டித் தடுத்தார். “பன்னெண்டு ஆவட்டும்.”

“ஆவட்டும்மா” என்றாள் இருதயமேரி. சற்று நிறுத்தித் தொடர்ந்தாள். “ஆனா காலையில அந்த நேரத்துக்காக நான் ஓடினதுதான் தப்பு. இனிமே ஷெட்டுக்குள்ள வேலை முடியற நேரந்தான் நேரம். பத்தரை ஆயிட்டா ஆயிட்டதுதான்.”

“அத அப்பவே சொல்றதுக்கென்னா? நான் என்னா கடிச்சா துப்பியிருப்பேன்?”

“சொல்லியிருக்கணும். சொல்ல வாய் வரலம்மா.”

கெங்கம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பன்னிரண்டுக்கு எஞ்சின் உறுமியது. உடனே உள்ளிருந்து வெண்புகை கிளம்பியது. குமரேசன் பின்னால் தாவினான். டர்போ மேல் முன்பே ஒழுகிப் படிந்த எண்ணெய் எரிகிறது என்று இருதயமேரி சொன்னாள். சொல்லும்போது அவளுக்கே அது முழு உறுதியில்லை. புகை மெலிந்து நின்றது. வெள்ளை டிஷ்யூ தாளை இடுக்கியில் பிடித்து இணைப்பைத் துடைத்தாள். தாளில் ஒரு சின்னப் பழுப்புப் பொட்டு. பழைய ஈரமா, புதிதா? மறுபடி துடைத்தாள். சுத்தம். ஐந்து நிமிடம் விட்டு இன்னொரு தாள். அதுவும் சுத்தம்.

“போதுங்களாக்கா?”

“போதாது. நீங்க ஓட்டுங்க, நான் பக்கத்துல உக்காந்துக்கறேன். எண்பது.”

விழுப்புரம் சாலையில் போய்த் திரும்பினார்கள். குமரேசன் எண்பதைத் தாண்டவில்லை. ஒருமுறை எழுபத்தெட்டில் அவனாகவே காலை எடுத்தான். அவள் ஜன்னலைத் திறந்து வைத்து வாடை பிடித்தபடியே வந்தாள். மரத்தடியில் நிறுத்தியதும் அவன் சாவியில் கை வைத்தான், அவள் பார்த்தாள், கையை எடுத்துவிட்டு ஒரு நிமிடம் எஞ்சினை மெல்ல ஓடவிட்டுப் பிறகு அணைத்தான்.

அவள் மறுபடி இணைப்பைத் துடைத்தாள், அந்தத் தாளும் வெள்ளையாகவே வந்தது. அவள் அதை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு டர்போ ஆறியதும் தகட்டை அதன் இடத்தில் பொருத்தி, முதல் திருகாணியை எடுத்தாள். அது அவள் விரலிலிருந்து நழுவி மண்ணில் விழுந்தது. எடுத்தாள், மறுபடி விழுந்தது.

“குடுங்கக்கா, நான் போடறேன்” என்று குமரேசன் குனிந்தான்.

“நீங்க போடுங்க” என்றாள் அவள், “நான் பாத்துக்கினு இருக்கேன்.” காரின் நிழலில் தரையில் உட்கார்ந்து, அவன் ஒவ்வொன்றாக முடுக்குவதை அவள் எண்ணத் தொடங்கினாள்.