ஊர்வலப் படத்தில் அப்பா

போலீஸ்காரர்கள் எங்கள் வீட்டிலிருந்து எடுத்துப் போனது ஒரே ஒரு போட்டோதான். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சர்ச்சு சபையில் கல்யாணம் முடிந்த அன்று எடுத்தது. வீட்டில் வேறு போட்டோ கிடையாது. பிரேமைத் திறந்து போட்டோவை மட்டும் உருவிக்கொண்டு, கண்ணாடி உடையாமல் பிரேமை அம்மா கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். அந்த மரியாதையாவது இருந்தது.

எல்லைப் போராட்டம் சூடாக இருந்த சமயம் அது. மலையாள ராஜ்யத்தில் இருந்த எங்கள் பக்கத்தைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று பாறசாலைச் சந்தையில் நடந்த ஊர்வலத்தில், கொடி பிடித்து முன்னால் நடந்தவர் அப்பா. பிடிவாரண்ட் வந்ததும் அம்பூரி மலைக்குப் போய் ஒளிந்தார். அங்கேயே காய்ச்சலில் கிடந்து செத்தும் போனார். அடக்கம் முடிந்த பிறகுதான் எங்களுக்குச் சேதி வந்தது. போட்டோவையாவது கொடுங்கள் என்று ஸ்டேஷனுக்குப் பல தடவை நடந்தேன். காணவில்லை என்றார்கள். அதற்குள் அம்மாவின் மனதில் அப்பாவின் முகம் கலைய ஆரம்பித்திருந்தது. மூக்கு நினைவு வருகிறது, வாய் வரமாட்டேன் என்கிறது என்பாள்.

அந்த ஊர்வலத்தை ஒருவர் வரைந்தார். திருவனந்தபுரத்துக்காரர், சித்திரம் படித்தவர். சாயாக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அவர் பென்சிலால் வரைந்ததை நான் பின்னால் நின்று பார்த்தேன். ஒட்டிய கன்னம் உட்பட அப்பாவை அப்படியே பிடித்திருந்தார். மறு வருஷம் திருவனந்தபுரத்தில் அவருடைய படங்களைக் கண்காட்சி வைத்திருக்கிறார்கள், ஊர்வலப் படமும் உண்டு என்று கேள்விப்பட்டதும், அம்மா ஞாயிற்றுக்கிழமைச் சேலையை எடுத்துக் கட்டினாள். காலிப் பிரேமையும் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டாள். பிரேம் அளவுக்கு அப்பா முகத்தை மட்டும் வரைந்து தரச் சொல்லலாம் என்பது எங்கள் யோசனை.

மண்டபத்தில் சாக்குத் துணி கட்டிப் படங்களை மாட்டியிருந்தார்கள். புதுமுறைச் சித்திரமாம். ஒரு பெண்ணுக்கு இரண்டு கண்ணும் ஒரே பக்கம். ஒரு மீனுக்கு முள் வெளியே, செதிள் உள்ளே. அதைப் பூவார் கடற்கரையில் போட்டால் பூனைகூட முகராது. படித்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டு தலையாட்டினார்கள். எனக்குப் புரியவில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். புரிந்துதான் எரிச்சல் வந்தது.

கடைசிச் சுவரில் எங்கள் படம். ‘ஜாதா’ என்று அட்டையில் எழுதியிருந்தது. ஊர்வலத்துக்கு அங்கே அதுதான் பேச்சு. நிறமெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு தலைக்கும் முகமில்லை. தேங்காய் குவித்த மாதிரி வெறும் உருண்டைகள். அம்மா இடது கோடியில் தொடங்கினாள். படத்தில் படாமல் விரலை நீட்டி, ஒவ்வொரு உருண்டையாக, “இது இல்ல, இதும் இல்ல” என்று போனாள். கொடிக்குக் கீழே வந்ததும் நின்றுவிட்டாள். அங்கே உருண்டைகூட இல்லை, தலை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மஞ்சள் முக்கோணம்தான் இருந்தது.

படம் வரைந்தவர் பக்கத்திலேயே நின்றார். நேரே போய்க் கேட்டேன். “சாரே, கொடி பிடிச்ச ஆளுக்க மொகம் எங்க?”

“அது ஒராளல்ல, ஜனமாணு” என்றார் மலையாளத்தில். தனி ஆள் இல்லையாம், ஜனமாம்.

“போலீஸ் ஜனத்தத் தேடல்ல சாரே. போட்டோவ கையில வச்சுக்கிட்டு எங்க அப்பாவத்தான் தேடினாவ.”

அவர் முகம் சுருங்கிப்போனது. பென்சிலால் வரைந்த தாளையாவது தாருங்கள் என்றேன். படம் முடிந்ததும் அதைக் கிழித்துப் போட்டுவிட்டாராம். அம்மா கையிலிருந்த பிரேமைப் பார்த்துவிட்டு, வேண்டுமானால் இப்போதே ஒரு முகம் வரைந்து தருகிறேன் என்றார்.

“யாருக்க மொகத்த?” என்று கேட்டாள் அம்மா.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்தக் கண்காட்சியை வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே வந்தேன். நெய்யாற்றின்கரையில் ஒரு போலீஸ்காரர் ஏறி எங்களுக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார். அம்மா அவர் முதுகையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என் காதருகே குனிந்தாள்.

“போட்டோ வச்சுத் தேடினவனுக்கும் கிட்டல்ல, பாத்து வரைஞ்சவனுக்கும் கிட்டல்ல. ஒருத்தனுக்கும் பிடி குடுக்காத ஆளாக்கும் உங்க அப்பா, மக்கா.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அப்பா போன பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். அவ்வளவு நேரம் திட்டிக்கொண்டு வந்த நான், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன்.