ஹெல்மெட் போன் வாங்கக் கண்டிக்குப் போனோம்

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு, பிள்ளைகளே, உங்கள் இரண்டு பேரையும் பெரியம்மா வீட்டில் விட்டுவிட்டு நானும் அம்மாவும் தெல்தோட்டையிலிருந்து கண்டிக்குப் புறப்பட்டோம். கூட்டிப் போகவில்லையே என்று சுபா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்காகவே இந்தப் பயணத்தை எழுதுகிறேன்.

நான் மோட்டார் சைக்கிளில் போனேன், அம்மா பஸ்ஸில் வந்தார். ஒரே ஊருக்குப் போகிறவர்களுக்கு எதற்கு இரண்டு வண்டி என்று கேட்பீர்கள். உங்களிடம் அதை நாங்கள் சொல்லவில்லை. போன மாதம் கலஹாவுக்குக் கீழே உள்ள வளைவில் அம்மாவின் ஷால் பறந்து பின்சக்கரத்தின் பக்கம் போய்விட்டது. நிப்பாட்டுங்க, நிப்பாட்டுங்க என்று அம்மா கத்தியிருக்கிறார். ஹெல்மெட்டுக்குள் ஒரே காற்று இரைச்சல். தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து உருட்டும் மெஷின் பக்கத்தில் பல வருடம் நின்றதில் என் வலது காதும் மந்தம். மலையில் கொழுந்து பறித்த பெண்கள் இதைப் பார்த்துக் கூச்சல் போட்டுக் கை அசைத்தார்கள். நானோ, தெரிந்தவர்கள் போலிருக்கிறது என்று பதிலுக்குக் கையைக் காட்டிக்கொண்டே போனேன். அம்மா ஷாலை இழுத்துக் கிழித்தபடியால் தப்பினோம்.

அன்றைக்கு இறங்கியவர் பிறகு பின்னால் ஏறவில்லை. பேராதனையில் தையல் வேலைக்கு முதல் பஸ்ஸில் போய்விடுகிறார். சுபாவுக்குத் தலை பின்னிவிட ஆளில்லாமல் போனது அதனால்தான். நான் பேசினால் உங்கள் காதில் விழுகிற மாதிரி ஏதாவது கிடைத்தால் ஏறுகிறேன், இல்லாவிட்டால் பஸ்தான் என்று சொல்லிவிட்டார்.

கலஹா, ஹிந்தகல, பேராதனை வழியாகக் கண்டி முப்பது கிலோமீற்றர் அளவில் வரும். மழை இல்லை. கண்டியில் மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் நான் காத்திருக்க, அம்மா மடியில் வைத்து வந்த ஹெல்மெட்டோடு பஸ்ஸை விட்டு இறங்கினார். அதைப் பார்த்துவிட்டு கண்டக்டர், “என்ன அக்கா, எங்க டிரைவர் மேல அவ்வளவு நம்பிக்கையா?” என்று கேட்டாராம். பஸ் முழுக்கச் சிரிப்பு.

ஓட்டுகிறவரும் பின்னால் இருப்பவரும் பேசிக்கொள்ள ஹெல்மெட்டுக்குள் மாட்டும் போன் விற்கிற கடை, கட்டுகஸ்தோட்டை வீதியை ஒட்டிய சந்தில் இருக்கிறது. கடைக்காரர் பெயர் நிஸாம். நாம் முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுவது போல நானா என்றுதான் கூப்பிட்டேன். ஹெல்மெட்டைக் கையோடு கொண்டுவந்தது நல்லது என்றார். காதுக்கு நேரே ஸ்பீக்கர் வராவிட்டால் எவ்வளவு விலை கொடுத்தும் பிரயோசனமில்லையாம். மழை தாங்குமா, கையுறையோடு பட்டனை அழுத்த முடியுமா என்பதையும் பார்க்கச் சொன்னார். பிறகு இரண்டு சோடி எடுத்து வைத்தார். ஒன்று நாற்பத்தாறாயிரம் ரூபாய், மற்றது பதினெட்டாயிரம்.

கடைக்குள் இரண்டுமே தெளிவாகக் கேட்டன. அம்மா நம்பவில்லை. “கடைக்குள்ள காத்தா அடிக்குது?” என்றார். நிஸாம் நானா கோபப்படவில்லை. வாவியைச் சுற்றி ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்க என்று, விலை கூடியதை எங்கள் ஹெல்மெட்டுகளில் அவரே மாட்டிவிட்டார். அடையாள அட்டையை நீட்டினேன், வாங்க மறுத்துவிட்டார். முன்பின் தெரியாத எங்களை நம்பி அனுப்பிய அந்த மனதை நீங்களும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

டவுனுக்குள் மெதுவாக ஓட்டுவதென்றால் சரி என்று அம்மா பின்னால் ஏறினார். விலை கூடியதில் மைக் எந்நேரமும் திறந்தே இருக்கும். அதனால் ‘உஸ்’ என்ற இரைச்சலும் எந்நேரமும் வந்தது. என் மந்தக் காதுக்கு அந்த இரைச்சலுக்குள் அம்மாவின் குரல் பிடிபடவில்லை. திரும்பி வந்து மற்றதை மாட்டினோம். இதில் இரைச்சல் இல்லை. நாம் பேசும்போது மட்டும் திறந்துகொள்ளுமாம். சுருக்கமாகப் பேசுங்க தங்கச்சி என்று சொல்லி அனுப்பினார் நானா.

வாவிக்கரையில் முன்னால் ஒரு பஸ் வேகம் குறைத்தது. “போங்க” என்று அம்மாவின் குரல் காதுக்குள் கணீரென்று கேட்டது. சரியென்று முறுக்கி பஸ்ஸை முந்தினேன். முதுகில் தொம்தொம்மென்று அடி விழுந்தது. ஓரமாக நிறுத்தினேன்.

“மெதுவா போங்கன்னா பறக்குறீங்க?”

“போங்கன்னுதானே சொன்ன?”

அம்மா கீழே இறங்கிவிட்டார். இனிமேல் பஸ்தான் என்று நினைத்துக்கொண்டேன். நடந்தே போகிறேன் என்று நாலு எட்டு போனவர் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. கோபத்தில் திரும்பி நின்று என்னவோ சொன்னார். “சொல்றது கேக்குதா இல்லையா?” என்று என் காதில் விழுந்தது. முழுசாகக் கேட்கிறது என்றேன். இல்லை, ‘என்னங்க’ என்றுதான் ஆரம்பித்தேன், அது கேட்டதா என்றார். அது மட்டும் கேட்கவில்லை.

அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. முதல் சொல்லில்தான் அந்தக் கருவி விழித்துக்கொள்கிறது. அந்தச் சொல் நமக்கு வராது. சுருக்கமாகப் பேசச் சொன்னார்களே என்று அம்மா ‘என்னங்க’வை விட்டதால் ‘மெதுவா’ போய்விட்டது. மறுபடி ஏறி, வீட்டில் பேசுகிற மாதிரியே பேசிப் பார்த்தார். ஒரு சொல் தப்பவில்லை.

கடையில் இதைச் சொன்னதும் நிஸாம் நானா விழுந்து விழுந்து சிரித்தார். “நான் எல்லாருக்கும் முதல்ல ஹலோ சொல்லுங்கன்னு சொல்றது. ஒங்களுக்குச் சொல்ல மறந்துட்டேன், மன்னிச்சுக்கங்க. தங்கச்சிக்கு ஹலோவும் தேவையில்ல போல” என்றார். முதல் சொல் எப்படியும் கேட்காதே, ஒரு முறை வீட்டுக்காரர் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டுப் பாருங்களேன் என்று அம்மாவைச் சீண்டினார். அம்மா ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டார். பதினெட்டாயிரத்தைக் கொடுத்தேன். பிளேன்டீ வரவழைத்துக் குடிக்க வைத்துத்தான் அனுப்பினார்.

கண்டியிலிருந்து ஒரே வண்டியில் திரும்பினோம். பேராதனையிலிருந்து மேலே ஏற ஏற அம்மா பேசிக்கொண்டே வந்தார். திங்கட்கிழமை சுபாவுக்கு இரட்டைப் பின்னல் போட வேண்டும் என்றார். தம்பியின் காலுக்குச் சப்பாத்து சிறுத்துவிட்டது என்றார். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ‘என்னங்க’ சொல்லியிருப்பார். அது என் காதுக்கு வரவில்லை. ஆனால் அதைச் சொன்னதால்தான் மற்றதெல்லாம் வந்தது.

கலஹாவுக்குக் கீழே அதே வளைவு வந்தது. மலையில் கொழுந்து பறித்த பெண்கள் எங்களைக் கண்டு கூச்சல் போட்டுக் கை அசைத்தார்கள். எனக்குப் பயம் பிடித்துவிட்டது, பிரேக்கை அழுத்தினேன். காதுக்குள் அம்மாவின் சிரிப்புக் கேட்டது.

“ஷால் மடியிலதான் இருக்கு. இப்ப நீங்க கையக் காட்டலாம்.”

காட்டினேன்.