கிரகணத்தன்று கிடைக்காத சாவி

ஐந்தாறு வருஷங்களுக்கு முன்னால் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலையில் சூரிய கிரகணம் வந்ததே, பலருக்கும் நினைவிருக்கும். அந்த இரண்டு நாட்களில் திருவனந்தபுரத்தில் எங்கள் வீட்டில் நடந்தது இது.

எங்களுக்குப் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். நான் படித்தது பத்தாவது வரைதான். சாலைக் கடைத்தெருவில் ஒரு பாத்திரக்கடையில் வேலை. கிழக்கேகோட்டைக்குப் பக்கத்தில் ஒரே காம்பவுண்டுக்குள் இரண்டு வீடுகள். ஒன்றில் நாங்கள். இன்னொன்றில் ஒரு மலையாளக் கிறிஸ்தவக் குடும்பம். கணவர் வளைகுடாவில். அந்தம்மா கண் ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்பதால் நாங்கள் எல்லோருமே அவரை சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம்.

டிசம்பர் பிறந்ததும் சிஸ்டர் வீட்டு முன்னறையில் வைக்கோலால் புல்கூடு, அதாவது கிறிஸ்துமஸ் குடில், கட்டுவார்கள். காம்பவுண்டில் உள்ள பிள்ளைகளுக்கு யார் என்ன பரிசு வாங்கினாலும், பளபள காகிதம் சுற்றி அந்தக் குடிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட வேண்டும். இருபத்தைந்தாம் தேதி அவர்கள் சர்ச்சுக்குப் போய் வந்து, கேக் வெட்டிய பிறகுதான் பிரிக்கலாம். நாங்கள் பிள்ளையாரைக் கும்பிடுகிறவர்கள் என்றாலும் என் மகளுக்கும் அதே சட்டம்தான்.

அந்த வருஷம் எட்டாம் வகுப்பில் இருந்த மகள் டெலஸ்கோப் கேட்டாள். அவள் கேட்டது ஒரு சாக்கு என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். ஆசை எனக்கும்தான். கோளரங்கத்தில் ஒருமுறை சந்திரனைக் காட்டினார்கள். ஒரு மணி நேரம் வரிசையில் நின்று என் முறை வந்தபோது மேகம் வந்து மூடிவிட்டது. அந்தக் குறை மனதில் கிடந்தது.

டெலஸ்கோப் பெட்டி வந்த அன்றே பிரித்துவிடலாம் என்று இருந்தேன். சிஸ்டர் வாங்கி வைத்துக்கொண்டார். "இருபத்தஞ்சாம் தேதி மதி" என்றார். மலையாளத்தில் மதி என்றால் போதும். இருபத்தைந்தாம் தேதி திறந்தால் போதும் என்று அர்த்தம்.

என் மகள் விடவில்லை. "ஆன்ட்டி, தமிழ்ல மதின்னா சந்திரன். அதப் பாக்கத்தான் பெட்டியே!"

அதற்குப் பிறகு சிஸ்டர் வீட்டுக்கு நான் அடிக்கடி போக ஆரம்பித்தேன். வாங்கிய தட்டைத் திருப்பிக் கொடுக்க, கரண்ட் பில் வந்ததா என்று கேட்க. போனால் பெட்டியைத் தூக்கிப் பார்ப்பேன், லேசாக ஆட்டிப் பார்ப்பேன். ஒருநாள் சிஸ்டர் பார்த்துவிட்டுச் சிரித்தார். "கிஃப்ட் மோளுக்கோ, அண்ணனுக்கோ?" மோள் என்றால் மகள்.

இதற்கிடையில் கிரகணம் வரப்போகிறது என்று எல்லோரும் பேச ஆரம்பித்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. புது டெலஸ்கோப், மறுநாளே கிரகணம். கடவுளே பார்த்து ஏற்பாடு செய்தது போல இருந்தது. சின்ன வயதில் எக்ஸ்ரே ஃபிலிம் வழியாகக் கிரகணம் பார்த்திருக்கிறேன். அதனால் என்னுடைய பழைய இடுப்பு எக்ஸ்ரேயைத் தேடி எடுத்து, வட்டமாக இரண்டு துண்டு வெட்டி வைத்தேன். கண் வைக்கிற இடத்தில் ஒட்டிவிட்டால் முடிந்தது வேலை என்பது என் கணக்கு.

வீட்டில் சம்மதமில்லை. "கிரகணம் பிடிக்கிற நேரத்துல பொம்பளப் பிள்ளைய வெளியில நிறுத்தாதிய" என்றாள் மனைவி. நானும் சாமி கும்பிடுகிறவன்தான். கிரகணம் விட்டதும் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போனால் ஆயிற்று என்று சமாதானம் சொன்னேன்.

இருபத்தைந்தாம் தேதி விடிந்தபோது சிஸ்டர் வீடு பூட்டியிருந்தது. விழிஞ்ஞத்தில் இருக்கிற அவருடைய அம்மாவுக்கு மூச்சுத் திணறல், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது என்று போன் வந்து, ராத்திரிப் பூசைக்குப் போன சர்ச்சிலிருந்து அப்படியே பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டாராம். ஜன்னல் வழியாகப் பார்த்தால் புல்கூடு தெரிந்தது. பக்கத்தில் தங்கக் கலர் காகிதம் சுற்றிய எங்கள் பெட்டி. மகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சாயங்காலம் போன் செய்தேன். அம்மா எப்படி இருக்கிறார் என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, உடனே பெட்டியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டேன். இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

"அண்ணா, அதில சூரியனெ நோக்கல்லே. கண்ணு போகும்" என்றார், அதில் சூரியனைப் பார்க்காதீர்கள் என்று.

"எக்ஸ்ரே ஒட்டித்தான் பாப்போம், சிஸ்டர்."

"எக்ஸ்ரே ஒட்டியாலும் போகும்."

எனக்குச் சுருக்கென்று வந்தது. "நான் சின்ன வயசுலயே பாத்திருக்கேன், எனக்கு ஒண்ணும் ஆகல. பெத்த பிள்ளைய எப்படிப் பாத்துக்கணும்னு எனக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டேன்.

"தாக்கோல் என்டெ பையிலாணு அண்ணா. அம்மையெ விட்டு வரான் பற்றில்ல" என்றார். சாவி அவர் பையில் இருக்கிறதாம், அம்மாவை விட்டு வர முடியாதாம். நானே விழிஞ்ஞத்துக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றேன். ஆஸ்பத்திரியில் யாரையும் பார்க்க விடமாட்டார்கள் என்று வைத்துவிட்டார்.

மறுநாள் காலை கிரகணம் தொடங்கிவிட்டது. மகள் என் பின்னாலேயே சுற்றினாள். "இன்னொரு தடவ ஆன்ட்டிய போன்ல விளிச்சுப் பாருப்பா!" விளித்தேன், பத்துத் தடவையாவது இருக்கும். எடுக்கவில்லை. மகள் அழுதுகொண்டே உள்ளே போய்ப் படுத்துவிட்டாள். நான் சிஸ்டர் வீட்டு வாசலில் நின்று பூட்டை இழுத்துப் பார்த்தேன். திட்டவும் செய்தேன். வேண்டுமென்றே செய்கிறார் என்று மனதுக்குள் வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன்.

வெயில் ஒரு மாதிரி மங்கியது. அவர்கள் வீட்டு மாமரத்தின் நிழலில், இலைகளுக்கு நடுவே விழும் வெளிச்சப் புள்ளிகள் எல்லாம் பிறைபிறையாக மாறியிருந்தன. சிமெண்டுத் தரையில், படியில், வாசலில் இருந்த ரோஜாச் செடிச்சட்டியின் மேல், என் கால் மேல்கூட நூற்றுக்கணக்கான பிறைகள். அதைப் பார்த்தும் நான் பார்க்கவில்லை. என் கண் முழுக்க அந்தப் பூட்டின் மேல்தான் இருந்தது.

கிரகணம் விட்டு, நாங்கள் குளித்து முடித்து, மணி பன்னிரண்டு இருக்கும். சிஸ்டர் ஆட்டோவில் வந்து இறங்கினார். தூங்காத முகம். அம்மாவுக்குப் பரவாயில்லை, பிள்ளைகள் அங்கேயே இருக்கிறார்கள் என்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் கோபிக்கவில்லை. பெட்டியைக் கொண்டுவந்து என் மகள் கையில் கொடுத்து, "ஹேப்பி கிறிஸ்மஸ் மோளே, திறந்நோ" என்றார்.

அத்தனை நாள் காத்திருந்த பெட்டி. பிரித்து, முக்காலியில் மாட்டி நிறுத்தினோம். சிஸ்டர் எங்களைத் தள்ளி நிற்கச் சொன்னார். யாரும் கண் வைக்காமல், பின்னால் ஒரு வெள்ளைக் காகிதத்தைப் பிடித்து, அதில் வெளிச்சம் விழும் வரை குழலை மெதுவாகத் திருப்பினார். பிறகு என்னிடம் இருந்த எக்ஸ்ரே துண்டை வாங்கி, கண் வைக்கிற இடத்துக்கு நேராக இடுக்கியால் பிடித்தார்.

சில வினாடிகள்தான். கருகிய நாற்றம் வந்தது. மெல்லிசாகப் புகை. துண்டை எடுத்துக் காட்டினார். நடுவில் மிளகு அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது.

மகள் தன்னையறியாமல் வலது கண்ணைப் பொத்திக்கொண்டாள். அதைப் பார்த்ததும் நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். முதலில் யாரைப் பார்க்க வைத்திருப்பேன்? அவளைத்தானே?

சிஸ்டர் ரோஜாச் செடிச்சட்டியைச் சாய்த்து, அடியிலிருந்து ஒரு சாவியை எடுத்தார். "இன்னொரு தாக்கோல் இவிடெத்தன்னெ உண்டாயிருந்நு, அண்ணா. நான் கள்ளம் பறஞ்ஞு. கிறிஸ்மஸ் திவசம். நீங்க கேக்கமாட்டீங்கன்னு தோணிச்சு" என்றார். இன்னொரு சாவி இங்கேயேதான் இருந்ததாம், கிறிஸ்துமஸ் நாளும் அதுவுமாகப் பொய் சொல்லிவிட்டாராம். கிரகணம் பார்த்துவிட்டு அவருடைய கண் ஆஸ்பத்திரிக்கு வந்த ஒரு பையனை அவருக்குத் தெரியுமாம். என் போன் வந்தபோதெல்லாம் எடுக்கத் தைரியமில்லாமல் ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம்.

பொய்யே பேசாத மனுஷி. நான் கையெடுத்துக் கும்பிட்டேன். "அய்யோ, எந்தா அண்ணா இது" என்று தடுத்தார். அன்று சாயங்காலம் பழவங்காடிப் பிள்ளையாருக்கு இரண்டு தேங்காய் உடைத்தேன். ஒன்று என் மகள் கண்ணுக்கு. இன்னொன்று, அந்தப் பொய்யின் பாவம் ஏதாவது இருந்தால் அது என் கணக்கில் சேரட்டும் என்று.

அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை வந்த அன்று, சூரியன் அடங்கியதும் மொட்டை மாடியில் டெலஸ்கோப்பை வைத்தோம். மகள் முதலில் சிஸ்டரைத்தான் பார்க்கச் சொன்னாள். அவர் குனிந்து பார்த்து, சிலுவை போட்டுக்கொண்டார். "மதி மோளே, இனி நீ நோக்கு" என்று விலகினார். "ஆமா ஆன்ட்டி, மதியேதான்!" என்று அவள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. கடைசியில்தான் என் முறை வந்தது. அன்று மேகம் வரவில்லை.

மகள் இப்போது காலேஜில் படிக்கிறாள். அவள் அம்மாவுக்கு ஊசியில் நூல் கோக்க வேண்டுமென்றால் அவளைத்தான் கூப்பிடுவோம். ஒரே தடவையில் கோத்துக் கொடுத்துவிட்டுப் போவாள். ஒவ்வொரு முறையும் அந்த ஊசியைப் பார்க்கும்போது, கேட்டும் கிடைக்காமல் போன அந்த ஒரு சாவிக்காக, பிள்ளையாருக்கும் சிஸ்டருக்கும் சேர்த்தே நன்றி சொல்லிக்கொள்கிறேன்.