இடது தொடை மங்களத்துக்கு

ஃபார்மலின் வாடை கண்ணைக் கரிக்கும்... கையை எத்தனை தேய்த்துக் கழுவினாலும் சோறு பிசையும் விரல்களில் அதே வாடைதான். சிங்கப்பூரில் மருத்துவம் படித்த காலம் எனக்கு இன்றும் அப்படித்தான் மணக்கிறது.

கால்களை அறுத்துப் படிக்கும்போது, ஃபார்மலினில் ஊறிய பிணம் ஒன்றுக்கு இரண்டு பேர். வலது தொடை எனக்கு, இடது தொடை மங்களத்துக்கு. அவள் கிள்ளான்காரி, நான் பிரிக்ஃபீல்ட்ஸ். ஊர் வேறானாலும் ஒரே ரயிலில் சிங்கப்பூர் போய் இறங்கியவர்கள்.

நான் பொறுமையாகக் கொழுப்பை விலக்கி, பெரிய தமனியையும் அதிலிருந்து ஆழமாய் இறங்கும் கிளையையும் சுத்தமாக எடுத்து வைத்தேன். எல்லாம் புத்தகத்தில் போட்டிருந்த படமேதான். மங்களம் அவசரக்காரி, அரைகுறையாய்த்தான் கீறியிருந்தாள். ஆனால் அவள் பக்கத்தில், ஆழக்கிளையிலிருந்து பிரிய வேண்டிய ஒரு ரத்தக்குழாய், நேரே பெரிய தமனியிலிருந்தே கிளம்பியிருந்தது!

புரொபசர் அபூர்வம் என்று வகுப்பையே கூப்பிட்டுக் காட்டினார். என் பக்கம் நின்றவர்கள்கூட என் வேலையின் மேல் சாய்ந்துகொண்டு அவளுடையதை எட்டிப் பார்த்தார்கள்...

"ஒரே ஆளோட ரெண்டு காலு. ஒனக்கு மட்டும் எப்படிடீ?" என்றேன்.

"பொறாமையா? வேணும்னா கால மாத்திக்கலாம் லா," என்று சிரித்தாள்.

அடுத்த வருஷமே எனக்குக் கல்யாணம் பேசிவிட்டார்கள். படிப்பு அதோடு நின்றது.

போன வாரம் என் மகனுக்குத் தொடை இடுக்கில் சீழ்க்கட்டி. உடம்பு அனலாய்க் கொதித்தது. தூக்கிக்கொண்டு ஓடியது கிள்ளானில் டாக்டராகிவிட்ட மங்களம் நடத்தும் டிஸ்பென்சரிக்குத்தான். கத்தி படப்போகும் இடத்துக்கு அடியில்தான் அந்தக் குழாய்கள் எல்லாம்...

"இவனுக்கும் அந்த மாதிரி எடம் மாறியிருந்தா?"

"அது செத்த காலு சரசு. இவனுக்குத் துடிக்குது பாரு. தொட்டுப் பாத்து, துடிக்காத எடத்துலதான் வெட்டுவேன். நீ அழாம காலப் புடி, போதும்."

பிடித்தேன். சீழ் வடிந்தது. மறுநாளே காய்ச்சல் இறங்கியது. இப்போது பக்கத்தில் தூங்குகிறான், நான்தான் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன்.

அன்று அவளுக்கு அமைந்தது அதிர்ஷ்டம் என்று சொல்லி மனசை ஆற்றிக்கொண்டேன். இன்று அப்படிச் சொல்ல வழியில்லை. என் பிள்ளையின் தொடையில் கத்தியை வைத்தபோது மங்களத்தின் கை ஆடவே இல்லை...

அதனால்தான் அவன் பிழைத்தான். அது தெரிந்தும், நான் பாதியில் விட்டதைக் கற்று முடித்த அந்தக் கையை என்னால் மன்னிக்க முடியவில்லை.